கானகத்தில் ஒரு கண்விழிப்பு

(எமது சங்கத்தின் சிவராத்திரி நிகழ்ச்சியில், முதற் சாமப் பூசையின் பின்னர் நிகழ்த்தப்பெற்ற உரை)



சிவராத்திரியன்று இளைஞன் ஒருவனை மேடையேற்றுவது கேட்போர் உறங்காதிருப்பதற்காகவா, பேசுபவன் உறங்காதிருப்பதற்காகவா என்று எனக்கு விளங்கவில்லை. எதுவாயினும், இரண்டாம் சாமப் பூசை மணி அடிக்குமுன் முடித்துவிடுவதாக உறுதி கூறித் தொடங்குகிறேன்.

இன்றைய விரதத்தின் மகிமையைச் சொல்லும் வேடன் கதையை நாம் எல்லோரும் அறிவோம். காட்டிலே பொழுது பட்டுவிட்டது. வேடன் ஒருவன் நீர்நிலை ஒன்றின் கரையில் நின்ற வில்வ மரத்தில் ஏறி, நீர் பருக வரும் விலங்கை எதிர்பார்த்து அமர்ந்தான். உறக்கம் மேலிடாதிருக்க இலைகளைக் கிள்ளிக் கீழே போட்டான். மரத்தின் அடியில் சிவலிங்கம் இருந்தது. அறியாமற் செய்த அப்பூசையினால் அவன் பேறு பெற்றான் என்பது கதை. சிறுவயதில் இதைக் கேட்டபோது அவனுக்குக் கிடைத்த பேற்றையே நான் எண்ணி வியந்தேன். இப்பொழுது வேறொன்று மனத்தில் எழுகின்றது. ஓர் இரவு முழுவதும் மரத்தின் மீதிருந்து, அச்சத்தோடு வந்து நீர் அருந்திச் செல்லும் மான்களைப் பார்த்திருந்தவன், மறுநாளும் அதே கையால் வில்லை வளைத்திருப்பானா? காட்டை அழித்தவனே காட்டின் காவலனாக மாறுதல் கூடுமா?

கூடும் என்பதற்கு நம் காலத்துச் சான்று ஒன்று உண்டு. அதனைக் கூறவே இன்று வந்துள்ளேன்.

தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் குமுளி என்ற ஊர் வரும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லை அங்கேதான். எல்லையைத் தாண்டினால் தேக்கடி. 1887 ஆம் ஆண்டில் தொடங்கி 1895 ஆம் ஆண்டில் நிறைவேறிய முல்லைப் பெரியாறு அணையினால் உண்டான ஏரி அங்கே காட்டின் நடுவே கிடக்கின்றது. மேற்கே கடலுக்கு ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியியலாளர் ஜோன் பென்னிகுயிக்கை அப்பக்கத்து உழவர் இன்றும் நன்றியோடு போற்றுகின்றனர். அன்று நீரில் மூழ்கிய மரங்களின் பட்ட அடிகள் இன்றும் ஏரியிலே நிற்கின்றன. ஏரியைச் சூழ்ந்த காடு 1934 இல் வேட்டை விலக்கப்பட்ட சரணாலயமாகி, 1950 இல் பெரியாறு சரணாலயமாக விரிந்து, 1978 இல் புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீற்றர். என்றும் பசுமை மாறாத மழைக்காடுகள் அதிற் பெரும்பகுதி. நம்மவர் இருமுடி சுமந்து செல்லும் சபரிமலையும் இந்தக் காப்பகத்துக்குள்ளேயே இருக்கின்றது. பதினெட்டு மலைகள் சூழ்ந்த ஐயப்பனின் பூங்காவனம் என்று குருசாமிமார் சொல்வது இந்தக் காட்டைத்தான்.

இக்காட்டில் ‘வயணை’ என்று அவ்வூரார் அழைக்கும் மரம் உண்டு. நம் நாட்டுக் கறுவாவுக்கு அது நெருங்கிய உறவு. காட்டுக் கறுவா என்றே வைத்துக்கொள்வோம். அதன் பட்டைக்குச் சந்தையில் விலை உண்டு. குமுளிப் பக்கத்து ஏழை மக்கள் சிலர் கூட்டமாகக் காட்டுக்குட் புகுந்து, நாட்கணக்கில் அங்கேயே தங்கி, பட்டையை உரித்துச் சுமை கட்டிக் கடத்தி வந்தனர். உணவுக்காக வேட்டையும் ஆடினர். இலாபத்தின் பெரும்பங்கு வியாபாரிகளிடம் போயிற்று; வழக்கும் சிறையும் இவர்களுக்கு வந்தன. சிறையிலிருந்து மீண்டவன் வழக்குச் செலவுக்காகத் திரும்பவும் காட்டுக்கே போனான்.

1996 முதல் 2004 வரை இந்தியாவின் ஏழு வனப்பகுதிகளில் உலக வங்கியின் உதவியுடன் ஒரு திட்டம் நடைபெற்றது. காட்டின் ஓரத்தில் வாழும் மக்களுக்குப் பிழைப்புக்கு வழி செய்து, அவர்களையே காட்டுக்குத் துணையாக்குவது அதன் நோக்கம். பெரியாறும் அவ்வேழில் ஒன்று. வன இலாகாவினர் அந்தப் பட்டை உரிப்போரை அழைத்துப் பேசினர். அவர்கள் மீதிருந்த வழக்குகளைக் கைவிட இணங்கினர். 23 பேர் கத்தியைக் கீழே வைத்தனர். 1998 ஆம் ஆண்டளவில் அவர்களுக்கென ஒரு குழு அமைந்தது. ‘முன்னாள் வயணைப் பட்டை சேகரிப்போர்’ என்பதே அக்குழுவின் பெயர். பழைய குற்றத்தை மறைத்து அழகிய பெயரொன்றைச் சூட்டிக்கொள்ளாமல், அதையே பெயரில் தாங்கி நிற்கும் துணிவைக் கவனியுங்கள்.

அவர்களுக்கு அளிக்கப்பட்ட தொழில், காட்டைக் காண வருவோரை உள்ளே அழைத்துச் சென்று, இரவு தங்கவைத்து, விலங்குகளைக் காட்டிப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருதல். ஒரு பயணத்தில் ஐந்து பார்வையாளருக்கு மேல் இல்லை. அவர்களுடன் ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கி தாங்கிய வனக்காவலர் ஒருவர். ஓர் இரவோ இரண்டு இரவுகளோ காட்டில் தங்கலாம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் மகரசோதி தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் நானும் என் மாமாவும் அத்தகைய பயணம் ஒன்றிற் சேர்ந்தோம். வரிப்புலியை நாங்கள் காணவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிடின் ‘புலி வருகுது, புலி வருகுது’ என்று உரை முடியும்வரை காத்திருந்து ஏமாறுவீர்கள்.

காலையிற் புறப்பட்டோம். அட்டைக்கடிக்கு அஞ்சி, முழங்கால் வரை துணியுறை கட்டி, அதன் மேல் சப்பாத்து அணிந்து நடந்தோம். மூங்கிற் காட்டையும் புல்வெளியையும் கடந்து மழைக்காட்டுக்குள் நுழைந்ததும் நண்பகலே மாலை போல இருண்டுவிட்டது. வழிகாட்டிகள் பேசவே இல்லை. முன்னால் நடந்தவர் கையை உயர்த்தினால் நிற்போம்; தாழ்த்தினால் நடப்போம். மலையணில் ஒன்று கிளைவிட்டுக் கிளை பாய்ந்தது. கருமந்திகள் எங்களைக் கண்டு குரலெழுப்பின. இருவாட்சி பறந்தபோது அதன் சிறகொலி நீராவிப் புகையிரதம் புறப்படுவது போலக் கேட்டது. மாலையில் ஏரிக்கரையை அடைந்தோம். யானை வாராதபடி சுற்றிலும் அகழி வெட்டிய சிறிய இடத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள்.

இரவு வந்தது. நமது ஊர்களில் இரவு என்பது மின்விளக்கு எரிகின்ற நேரம். அங்கே இரவு என்பது காது திறக்கின்ற நேரம். கண்ணுக்கு வேலையில்லாதபோது, இலை விழும் ஓசைக்கும் கால் படும் ஓசைக்கும் உள்ள வேறுபாட்டைச் செவி தானாகவே கற்றுக்கொள்கிறது. வழிகாட்டிகள் மின்சூளின் முகத்தில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தனர். வெள்ளொளி விலங்குகளின் கண்ணைக் கூசவைத்து அவற்றைத் தடுமாறச் செய்யும் என்றனர். அந்த மங்கிய ஒளி ஒரு கணம் கரையோரம் சென்றபோது, இருளிலே இரண்டிரண்டாக மணிகள் மின்னின. அவை மரைகள். அங்குள்ளோர் மிளா என்பர். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கின்றது. சிறிதளவு ஒளியையும் இருமுறை பயன்படுத்திப் பார்க்க இயற்கை அவற்றுக்கு அளித்த வசதி அது.

நள்ளிரவுக்குப் பின் எதிர்க்கரையில் மூங்கில் முறிந்தது. யானைகள் நீருக்கு இறங்கின. உருவம் தெளிவாகத் தெரியவில்லை. தும்பிக்கை நீரை உறிஞ்சி வாயில் விடும் ஓசையும், குட்டி ஒன்று நீரில் அடித்து விளையாடும் ஓசையும் தெளிவாகக் கேட்டன. அரைமணி நேரம் ஒருவரும் மூச்சு விடவில்லை என்றே சொல்லலாம். என் மாமா கைகூப்பியபடி இருந்ததை நெருப்பு வெளிச்சத்திற் கண்டேன். பிறகு கேட்டதற்கு, தாம் அறியாமலே கை குவிந்ததாகச் சொன்னார்.

வழிகாட்டிகள் முறைவைத்து விழித்திருந்தனர். அவர்களுள் வயதில் மூத்த ஒருவர் அருகே நானும் அமர்ந்தேன். தூரத்தில் மரை ஒன்று எக்காளம் போலக் கத்தியது. ஒரு குரல் கேட்டதும் அவர் எழுந்தார். மறு குரல் வேறு திசையிற் கேட்டதும் உட்கார்ந்தார். முதற் குரல் நாங்கள் இருந்த பக்கத்திலும், அடுத்தது மலைப்பக்கத்திலும் எழுந்தமையால், வந்தது எதுவோ அது விலகிப் போய்விட்டது என்று விளக்கினார். விடிந்ததும் சேற்றில் அதன் சுவடு இருந்தது. நன்கு அகன்ற வரிப்புலிச் சுவடு. அவர் அதனைக் கோலால் அளந்து, தன் சட்டைப்பையிலிருந்த கொப்பியில் இடமும் நேரமும் குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அவர் ஒரு மரத்தருகே நின்றார். அடிமரத்தில் ஒரு பக்கம் பட்டையின்றி வெளுத்து, சுற்றிலும் புதுப்பட்டை தடித்து வளர்ந்து வடுவாகி இருந்தது. “தம்பி, இது நான் உரிச்ச மரம். பாதியில ஆள் வர்ற சத்தம் கேட்டு ஓடிட்டேன். அதனால இது பிழைச்சுது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வடுவை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு நடந்தார்.

அன்பர்களே, அந்த இரவில் யானையின் ஓசையையும் மரையின் கண்ணையும் நமக்குக் காட்டிய அறிவு எங்கிருந்து வந்தது? அது பல்கலைக்கழகத்தில் வந்ததன்று. பிடிபடாமல் காட்டில் வாழ்வதற்காக அவர்கள் கற்ற வித்தை அது. களவுக்குப் பயன்பட்ட அதே அறிவு இன்று காவலுக்குப் பயன்படுகின்றது. பார்வையாளரோடு அவர்கள் நடக்கும் பாதைகள், கடத்தற்காரர் விரும்பும் பாதைகளே. ஆகவே ஒவ்வொரு பயணமும் ஒரு ரோந்து. நாம் செலுத்தும் கட்டணம் பொதுநிதியிற் சேர்ந்து அவர்களுக்கு ஊதியமாகின்றது. தங்கள் பழைய கூட்டாளிகளின் தடங்களை அறிந்திருந்தமையால், தொடக்க ஆண்டுகளிலேயே அவர்கள் பல கடத்தல்களை வெளிப்படுத்த உதவினர். திட்டம் 2004 இல் முடிவடைந்தபோது, பணி தொடர்வதற்கென ஒரு நம்பிக்கை நிதியமும் ஏற்படுத்தப்பட்டது.

இது அந்த 23 பேரோடு நின்றுவிடவில்லை. எழுபதுக்கும் மேற்பட்ட மக்கள் குழுக்கள் அங்கே தோன்றின. மன்னான், பளியர் என்னும் பழங்குடியினர் வழிகாட்டிகளாயினர். இரவில் மூன்று மணி நேரம் காட்டின் ஓரத்தில் ரோந்து நடந்து, தேவாங்கையும் முள்ளம்பன்றியையும் காட்டும் பயணங்களும் உண்டு. சகோதரிகள் இதனைச் சிறப்பாகக் கேட்க வேண்டும்: 2002 ஆம் ஆண்டில் குமுளிப் பெண்கள் ‘வசந்தசேனை’ என்ற பெயரில் ஒன்றுகூடினர். ஏறத்தாழ நூறு பேர். முறை வைத்து, நாள்தோறும் சிலராகக் காட்டுக்குட் சென்று பகலில் ரோந்து புரியலாயினர். அதற்கு அவர்கள் கூலி பெறவில்லை. வீட்டுவேலை முடித்துக் காட்டுக்குக் காவல் போன அத்தாய்மார் முன் நமது வீரப்பேச்சுகள் எம்மாத்திரம்!

குறைகளே இல்லையா என்று பெரியோர் கேட்கலாம். உண்டு. ஐந்து பேருக்கு மேல் கொண்டுசெல்லாத பயணத்தின் வருமானம் சிறிது. ஊரில் உள்ள எல்லோருக்கும் அது வேலை தராது. 2018 இல் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது; 2020 இல் கொரோனா நோயினால் உலகமெங்கும் யாத்திரை நின்றது. வருவோரை நம்பிய பிழைப்பு அத்தகைய காலங்களில் ஆட்டங் காணும். கட்டணமும் ஏழைகளுக்கு எட்டாது. என் பங்கையும் மாமாவே செலுத்தினார். ஐந்தை ஐம்பதாக்கினால் வருமானம் பெருகும் என்று சொல்வோரும் இருப்பர். அப்பொழுது யானை அக்கரைக்கும் வராது. பார்க்கப் போகும் பொருளைப் பார்வையாலேயே அழித்தல் அது. கூட்டத்தை மட்டுப்படுத்தியிருப்பதே அம்முயற்சியின் உயிர்நிலை.

நான் மிஷன் பாடசாலையிற் பயின்றவன். அங்கே கெட்ட குமாரன் உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொத்தை அழித்துவிட்டு வந்த மைந்தனைத் தந்தை கட்டித் தழுவி விருந்து வைத்தார் என்று கதை முடியும். மறுநாட் காலையில் அவனுக்கு என்ன வேலை கொடுத்தார் என்று கதை கூறவில்லை. மன்னிப்பு ஒரு நாள் விருந்து. அடுத்த நாளிலிருந்து அவனுக்கு வேண்டியது தொழில், பொறுப்பு, ஒரு சாவி. பெரியாற்றில் அந்த 23 பேருக்கும் மன்னிப்பு மாத்திரம் அளித்திருந்தால், பசி அவர்களை மீண்டும் மரத்தடிக்கே கொண்டுபோயிருக்கும். நம்பிக் காவலையே ஒப்படைத்தமையால் அவர்கள் மாறினர்.

நம் நாட்டிலும் இதனை ஒத்த செயல் நடந்திருக்கின்றது. தெற்கே றேக்காவைக் கடற்கரையில் 1990களில், கடலாமை முட்டைகளை எடுத்து விற்று வாழ்ந்தவர்களையே முட்டைகளின் காவலராக்கினர். அவர்கள் இரவெல்லாம் மணலில் விழித்திருந்து கூடுகளைக் காத்தனர். காண வருவோருக்கும் காட்டினர். 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ மழைக்காடும் நமக்கு உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையும் இலங்கையும் ஒரே உயிர்வள மண்டலம் என்று அறிஞர் கணக்கிடுகின்றனர். சிலோன் தவளைவாயன் என்ற இராப்பறவை நம் ஈரவலயக் காடுகளிலும் வாழ்கின்றது. பெரியாற்றுக் காட்டிலும் வாழ்கின்றது. கடல் பிரித்தாலும் அதற்குக் காடு ஒன்றே.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, நம் ஊரிலிருந்து சபரிமலை செல்லும் சாமிமாருக்கு. இலட்சக்கணக்கானோர் நடந்து செல்லும் அக்காட்டில், விறகுக்காக மரம் வெட்டுதலைக் குறைத்துச் சமையல் வாயுவைப் பயன்படுத்தவும், யாத்திரிகருக்கு உணவும் தேநீரும் அளிக்கவும் அவ்விடத்து மக்களின் குழுக்கள் உழைக்கின்றன. நாற்பத்தொரு நாள் விரதம் இருந்துவிட்டு, பிளாஸ்டிக் உறையைக் காட்டிலே வீசி வருவது விரதபங்கம். மரையும் யானையும் அதனை உண்ணும். இருமுடி கட்டும்போதே குருசாமிமார் அதனைத் தவிர்த்துவிட வேண்டும்.

இரண்டு, சங்கத்தின் வருடாந்தச் சுற்றுலாவுக்கு. அடுத்த முறை பஸ் நிறைய ஒலிபெருக்கியோடு போகாமல், சிறு பிரிவுகளாகச் சிங்கராஜ வனத்துக்குச் சென்று, அவ்வூர் வழிகாட்டிகளை அமர்த்தி, அவர்கள் கைகாட்டியபடி வாய்மூடி நடந்து பார்ப்போம். சிங்களக் கிராமத்தவர் ஒருவர் பின்னால் மௌனமாக நடந்து, அவர் அறிந்ததைக் கற்றுக்கொள்வதும் ஒரு கல்வி.

மூன்றாவதைச் சொல்லச் சற்று அச்சமாக இருக்கின்றது. நமது கோயில் தென்னந்தோப்பில் இளநீர் களவு போவதைப் பற்றிச் சென்ற பொதுக்கூட்டத்தில் நீண்ட நேரம் விவாதித்தோம். முள்வேலி, காவற்காரன், பொலிஸ் என்றெல்லாம் பேசினோம். களவெடுப்பவர் யாரென்று ஊருக்குத் தெரியும். எந்த மரத்தில் எத்தனை குலை, எந்த நேரம் தோப்பில் ஆளில்லை என்பதை அவர்களை விட நன்கு அறிந்தவர் நம்மில் எவரும் இல்லை. அந்த நான்கு பையன்களையும் அழைத்து, தோப்பின் சாவியை அவர்களிடம் கொடுத்து, விளைவில் ஒரு பங்கும் தருவோம் என்று சொன்னால் என்ன? சில பெரியோர் புன்முறுவல் பூக்கிறீர்கள். சிலர் முகம் சுளிக்கிறீர்கள். பெரியாற்றிலும் முதலில் பலர் முகம் சுளித்திருப்பர். ஆறு மாதம் பார்ப்போம். பொய்த்தால் அடுத்த சிவராத்திரியில் இதே மேடையில் என்னைக் கேள்வி கேளுங்கள்.

வேடன் கதையிலே தொடங்கினேன். வேடர் ஒருவரோடு முடிக்கிறேன். காளத்தியிலே தனித்திருந்த பெருமானைக் கண்ட திண்ணனார், கொடிய விலங்குகளால் அவருக்குத் தீங்கு வருமே என்று அஞ்சி, அன்றிரவு முழுவதும் வில்லேந்தி விழித்து நின்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவரை அங்ஙனம் காவல் நிற்கச் செய்தது அன்பு. அவருக்கு அந்த வில் புதிதன்று. காட்டின் இருளும் புதிதன்று. வேட்டையாடக் கற்ற கண்களைக் கொண்டே அவர் காவல் புரிந்தார். நாம் அவரைக் கண்ணப்பர் என்று வணங்குகிறோம். அத்தகைய கண்கள் நம் ஊரிலும் உண்டு. அவற்றைக் குற்றவாளிகளின் கண்கள் என்று ஒதுக்கிவைக்கப் போகிறோமா, காவலுக்கு அழைக்கப் போகிறோமா என்பதை இந்த இரவின் மீதிச் சாமங்களில் நீங்கள் சிந்திப்பீர்களாக.

பூசை மணிக்கு ஆயத்தம் செய்கிறார்கள்.